வயதுபோன காலத்தில் எங்கே இருப்பது?

(எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டுக் கொழும்புக் கிளை கல்கிசையில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசச் சொன்னால் விடுதிச் சாப்பாட்டையும் இல்ல விளையாட்டுப் போட்டியையும் பேசுவதுதான் வழக்கம். அவற்றை என்னிலும் பார்க்க நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். எனக்குத் தலைவி தந்த பொருள் வேறு. "முப்பது வருடத்துக்கு மேலாக வெள்ளவத்தையில் இருந்து உறுதி எழுதுகிறீர்கள். எங்கள் பிள்ளைகள் வயதுபோன காலத்தில் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்கள்" என்றார். எங்கள் தலைவிக்கு எழுபத்தெட்டு வயதான மாணவியும் "பிள்ளை"தான்.

இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நூற்றாண்டு நினைவாக ஒரு முதியோர் இல்லம் கட்டவேண்டும் என்ற யோசனை செயற்குழுவின் முன் இருக்கிறது. அதுபற்றிய என் கருத்தை இறுதியில் சொல்லுகிறேன். அதற்கு முன் நிலைமையைப் பார்ப்போம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் 65 வயதையோ அதற்கு மேலோ எட்டியவர்கள். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 வீதம். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு ஏற்றம். தென்னாசியாவில் விரைவாக மூப்படையும் நாடுகளுள் எங்கள் நாடும் ஒன்று. மற்றவர்களுடைய வீட்டில் ஒரு பிள்ளையாவது பக்கத்து ஊரில் இருக்கும். எங்கள் வீடுகளில் ஒன்று ரொறன்ரோவில், ஒன்று இலண்டனில், ஒன்று மெல்பேணில். அம்மா மட்டும் வெள்ளவத்தையில்.

அம்மா எப்படி வெள்ளவத்தைக்கு வந்தார்? இங்கே இருப்பவர்களில் பலருக்கு அது சொந்தக் கதை. 83க்கு முன்பே உத்தியோகத்துக்காக வந்தவர்கள் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டவர்கள் உண்டு. பிள்ளைகளின் விசாவுக்காக வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில் மாதக்கணக்காகத் தங்கியவர்கள் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பொலிஸார் பஸ்களில் ஏற்றி, பெரும்பாலும் வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. வாடகை அறையில் இருப்பது என்றால் என்ன என்பதை அந்த ஒரு நாள் எங்களுக்குக் காட்டியது. அதன் பிறகு, "எப்படியாவது அம்மாவின் பெயரில் ஒரு பிளாட் வாங்கிவிட வேண்டும்" என்று பிள்ளைகள் பலர் என்னிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள்.

வாங்கினார்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒழுங்கைகளில் முற்றமும் மாமரமும் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து தொடர்மாடிகளாக எழுந்தன. பிரெட்ரிகா வீதி, இராமகிருஷ்ண வீதி, ஹம்டன் ஒழுங்கை எங்கும் இதே கதைதான். நிலம் விலை கூடியது. காசு குறைவாக இருந்தவர்கள் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியை வாங்கினார்கள். மேல்மாடி மலிவு, காற்றும் வரும், கள்ளன் பயமும் இல்லை. அப்போது அம்மாவுக்கு இவ்வளவு வயது இல்லை. சந்தையால் வந்து இரண்டு கையிலும் பையோடு ஏறினார். இன்று அவருக்கு எண்பது. படிகள் அப்படியே இருக்கின்றன.

வயதுபோனவருக்கு வீடு என்பதை நான் மூன்று பங்காகப் பார்க்கிறேன். அந்த வீட்டில் இருக்கும் உரிமை. அதிலிருந்து வெளியே வரும் வழி. கதவைத் தட்டுவதற்கு ஒரு ஆள்.

முதலில் உரிமை. இது என் தொழில், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தாருங்கள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் மேல் உள்ள அன்பை உறுதி எழுதிக் காட்டுவது. "நான் கண்ணை மூடமுதல் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்" என்று வீட்டை மகனின் பெயருக்கோ மகளின் பெயருக்கோ நன்கொடை உறுதியாக எழுதிவிடுகிறார்கள். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதும்போது சீவிய உரித்தை உங்களுக்கென்று வைத்து எழுதுங்கள். அப்படி எழுதிப் பதிந்தால், நீங்கள் உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கவும் வாடகைக்கு விட்டால் அந்த வாடகையை எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளை அதை விற்றாலும் வாங்கியவர் உங்களை எழுப்ப முடியாது.

இதில் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீடு கணவரின் பெயரில் இருக்கும். அவர் பிள்ளைக்கு எழுதும்போது சீவிய உரித்தைத் தனக்கு மட்டும் வைப்பார். மனைவியை மறந்து அல்ல. "இரண்டு பேரும் ஒன்றுதானே" என்ற நினைப்பில். அவர் போனவுடன் அந்த உரித்தும் போய்விடும். பெண்கள் பெரும்பாலும் கணவருக்குப் பின்னும் பல வருடம் இருக்கிறோம். ஆகவே "இருவருக்கும், இருவரில் பின்னுக்கு இருப்பவருக்கும்" என்று அந்த உறுதியில் ஒரு வரி இருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. அது இல்லாததால் எழுபத்திரண்டு வயதில் உடுப்புப் பெட்டியோடு தங்கையின் வீட்டுக்குப் போன ஒருவரை நான் அறிவேன். மகன் கெட்டவன் அல்ல. அங்கே கடன் இறுக்கியது, இங்கே வீடு விற்றது. அம்மாவைத் தன்னோடு அழைக்கலாம் என்று நினைத்தான். விசா கிடைக்கவில்லை.

கொடுத்த நன்கொடையைத் திருப்பி எடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். பெருநன்றியீனம் என்ற காரணத்துக்காக எடுக்கலாம். ஆனால் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்கு நீதிமன்றம் ஏற வேண்டும். எண்பது வயதில் சொந்தப் பிள்ளைக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் நிற்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

அதனால்தான் மரண சாதனத்தைப் பற்றி யோசியுங்கள் என்று சொல்லுகிறேன். அது நீங்கள் இருக்கும் வரை உங்கள் கையில் இருப்பது. மனம் மாறினால் மாற்றலாம், கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ நன்கொடை கொடுக்கவோ முடியாது என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள விதி. மரண சாதனம் எழுதுவதற்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. கணவர்மாரும் எழுத வேண்டும். அவர் எழுதாமல் போனால் வீட்டில் பிள்ளைகளுக்கும் பங்கு வந்துவிடும். பிறகு மூன்று நாட்டிலிருந்து கையெழுத்து வரும்வரை அந்த அம்மா ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. கொழும்பில் உறுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்படுகின்றன. உறுதியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டியது நொத்தாரிசின் கடமை. "தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொல்லி முடிந்த பிறகு, "இதில் கையெழுத்து வைத்தால் நாளைக்கு நான் எங்கே இருப்பேன்?" என்றும் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். கணிதப் பாடத்தில் விளங்காவிட்டால் கை உயர்த்தச் சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்?

இரண்டாவது, வெளியே வரும் வழி. வெள்ளவத்தையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார். எங்கள் கல்லூரிதான். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது. மரக்கறிக்காரர் கீழே நின்று கூப்பிட்டால் பல்கணியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். காசும் அதிலேயே இறங்கும், மிச்சமும் அதிலேயே ஏறும். கூடை ஒவ்வொரு நாளும் இறங்கி ஏறுகிறது. ஆசிரியை இறங்கி எட்டு மாதம். கடைசியாக இறங்கியது கண் வைத்தியரிடம் போக. அப்போதும் இரண்டு பொடியன்கள் கதிரையோடு தூக்கினார்கள். ஐந்நூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவர், "தூக்கு காவடிபோலப் போனேன்" என்று என்னிடம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

லிஃப்ட் இருந்தால் மட்டும் போதுமா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, ஜெனரேற்றர் இல்லாத கட்டடங்களில் ஏழாம் மாடி அம்மாக்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இது வெள்ளவத்தைக்கு மட்டும் உரிய துன்பமும் அல்ல. தெமட்டகொடையில் 2001இல் எழுந்த சஹஸ்புர 14 மாடிக் கட்டடம். பிறகு மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் எழுந்த உயர்மாடிகளுக்குத் தோட்டக் குடியிருப்புகளில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாற்றப்பட்டன. கொட்டாஞ்சேனையில் வாசற்படியில் இருந்து கதைத்துப் பழகிய ஒரு ஆச்சியைப் பத்தாம் மாடியில் வைத்தால், லிஃப்ட் பழுதான அன்று அவருக்குத் தெருவே இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் அரசாங்க வீடமைப்புச் சபையின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும் நிற்கும். 2001இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் முடிந்த இடமெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்படி மாற்றினார்கள். அங்கே அரசாங்கம் செய்தது. இங்கே நாங்கள்தான் தொடங்க வேண்டும். தொடர்மாடி வீடு வாங்கிய ஒவ்வொருவரும் அந்தக் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் உறுப்பினர். படி, கூரை, லிஃப்ட், வாசல் எல்லாம் எல்லோருக்கும் பொதுவானவை. 1973ஆம் ஆண்டுத் தொடர்மாடி உரிமைச் சட்டம் முதல் இன்றுவரை நிலைமை இதுதான். கூட்டத்துக்குப் போகாமல் மாதக் கட்டணத்தை மட்டும் கட்டுகிறோம். பிறகு கைபிடி இல்லை என்று குறைப்படுகிறோம். வருடக் கூட்டத்துக்குப் போங்கள். படியின் இரண்டு பக்கமும் கைபிடி கேளுங்கள். ஒவ்வொரு தட்டிலும் இளைப்பாற ஒரு கதிரை கேளுங்கள். வாசலில் இரண்டு படி இருந்தால் பக்கத்தில் சாய்தளம் கேளுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலி வழுக்கும்.

வீட்டுக்குள்ளே முதற் கவனம் குளியலறைக்கு. பளபளக்கும் தரை ஓட்டை மாற்றுங்கள், கழிப்பறையின் பக்கத்தில் கைபிடி பூட்டுங்கள், இரவில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். கதவு உள்ளே அல்ல, வெளியே திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். இவை ஒரு பிறந்தநாள் விழாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் செலவழிக்கும் காசுக்குள் முடியும் வேலைகள்.

மூன்றாவது, கதவைத் தட்டுவதற்கு ஒரு ஆள். வெளிநாட்டில் இருக்கும் தோழியரே, இதை உங்களுக்காகச் சொல்லுகிறேன். "அம்மாவை என்னோடு எடுத்துவிடுவேன்" என்று எல்லோரும் நினைத்தீர்கள். பிரித்தானியாவில் 2012 ஜூலைக்குப் பின் வயதுபோன பெற்றோரை நிரந்தரமாக எடுப்பது ஏறக்குறைய மூடிய வழி. கனடாவில் பெற்றோரைப் பொறுப்பெடுத்தால் கியூபெக் தவிர்ந்த இடங்களில் 20 வருடத்துக்குப் பொறுப்பு. நீண்டநாள் தங்கும் சுப்பர் விசா என்றால் மருத்துவக் காப்புறுதி கட்ட வேண்டும். கிடைத்துப் போனவர்களில் சிலர் என்ன சொல்லுகிறார்கள் தெரியுமா? ஸ்காபரோவில் நிலக்கீழ் அறை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம், மகள் வேலை. பனிக்காலத்தில் யன்னலால் தெரிவது பக்கத்து வீட்டுக்காரரின் சப்பாத்து. போனவர்கள் எல்லோரும் துன்பப்படவில்லை. சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் போவதும் இருப்பதும் அம்மாவைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

இங்கேயே இருப்பவர்களுக்கு வீடியோ அழைப்பு வருகிறது, காசும் வருகிறது. விழுந்தால் தூக்க வேண்டியவர் எதிர்வீட்டுக்காரர். அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவருடைய தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்கிறதா? அம்மாவின் வீட்டுத் திறப்பு ஒன்று நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கிறதா? உங்கள் அடுத்த விடுமுறையில் கடைக்குப் போகமுதல் அம்மாவின் அயலவருக்கு ஒரு நாள் சாப்பாடு கொடுங்கள்.

அரசாங்கத்தில் ஒன்றும் இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தன்னைப் பராமரிக்க வழியில்லாத 60 வயதைக் கடந்த ஒருவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள சபைக்கு விண்ணப்பிக்கலாம். முதியோர் அடையாள அட்டையும் ஆலோசனையும் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். வெள்ளவத்தைக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய. இரத்மலானையில் ஹெல்ப்ஏஜ் இருக்கிறது. 1986 முதல் வயதுபோனவர்களுக்காகவே வேலை செய்கிறார்கள்.

இனி முதியோர் இல்லம் பற்றி. இல்லங்களைக் குறைவாகப் பேசும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. "இல்லத்தில் விட்டுவிட்டார்கள்" என்று பொருளைத் தொலைத்தது போலச் சொல்லுவோம். மருதானையில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் 1888 முதல் சாதி, சமயம் பாராமல் வயதுபோன ஏழைகளைப் பார்த்து வருகிறார்கள். கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. படுக்கையில் விழுந்தவருக்கும், நினைவு தவறியவருக்கும், உண்மையாகவே ஒருவரும் இல்லாதவருக்கும் இல்லம் வேண்டும். அங்கே போவது யாருக்கும் அவமானம் அல்ல. பணம் கட்டிப் போகும் இல்லமானால் அது பதிவு செய்யப்பட்டதா, கட்டிய முற்பணம் திரும்புமா, நோய் முற்றினால் வைத்துப் பார்ப்பார்களா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆனால் எங்கள் சங்கம் முதலில் செய்ய வேண்டியது கட்டடம் அல்ல என்பது என் தாழ்மையான கருத்து. இல்லம் கட்டினால் இருபது பேருக்கு இடம் கொடுக்கலாம். காணி வாங்கக் காசு, கட்டக் காசு, அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் தாதிக்கும் சமையலுக்கும் காசு. திறப்பு விழாப் படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பத்து வருடத்தின் பின் அந்தச் சம்பளத்தைக் கட்ட வருவார்களா? இதற்கிடையில் மாடிகளில் இருக்கும் மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லம் தேவையில்லை. தங்கள் வீட்டிலேயே பயமில்லாமல் இருக்கத்தான் வழி தேவை.

ஆகவே நான்கு வேலைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, 75 வயதைத் தாண்டி, கொழும்பிலும் கல்கிசையிலும் தனியாக இருக்கும் பழைய மாணவியரின் பட்டியல், தெருவாரியாக. ஒவ்வொருவருக்கும் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு இளைய மாணவி பொறுப்பு. காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு, கிழமைக்கு ஒருமுறை நேரில். எடுக்காவிட்டால் போய்ப் பார்ப்பது.

இரண்டு, வருடத்தில் இரண்டு நாள் இலவசச் சட்ட ஆலோசனை, தமிழில். எங்களிடம் சட்டத்தரணிகள் போதுமான அளவு இருக்கிறார்கள். என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று, கைபிடி நிதி. நூற்றாண்டு நிதியின் ஒரு பங்கில், கேட்கும் உறுப்பினரின் குளியலறையிலும் படியிலும் கைபிடி பூட்டிக் கொடுப்பது. பெயர்ப் பலகை வைக்க அதில் இடம் இருக்காது. அதற்காக வெளிநாட்டுக் கிளைகள் மனம் வருந்த வேண்டாம்.

நான்கு, வீடு மாற்றும் பதிவேடு. மேல்மாடியில் முதியவர், கீழ்மாடியில் இளம் குடும்பம். இரண்டு பேரும் சம்மதித்தால் விலை வித்தியாசத்தைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். விற்க மனமில்லையென்றால் ஒருவர் வீட்டை மற்றவர் வாடகைக்கு எடுக்கலாம். ஆளையாள் தெரியாததால்தான் இது நடப்பதில்லை. தெரியப்படுத்த எங்கள் சங்கத்தால் முடியும்.

இவற்றை இரண்டு வருடம் செய்து பார்ப்போம். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் உண்மையில் எத்தனை பேருக்கு இல்லம் தேவை, எப்படிப்பட்ட இல்லம் தேவை என்பது தெரியவரும். அதற்குப் பிறகு கட்டுவதென்றால் முதல் கல்லை வைக்க நானும் வருவேன். தரைத்தளத்தில் கட்டுங்கள்.

இங்கே அறுபது வயதில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு சொல். இது அக்காமாரின் பிரச்சினை என்று நினைத்துக் கேட்டிருப்பீர்கள். கீழ்மாடிக்கு மாறுவதானாலும், மரண சாதனம் எழுதுவதானாலும், அயலோடு பழகுவதானாலும், படியேறக் கால் இருக்கும்போதும் கையெழுத்து வைக்கப் புத்தி தெளிவாக இருக்கும்போதும்தான் செய்ய முடியும். பிறகு செய்யலாம் என்று விட்டவர்களுக்காக மற்றவர்கள்தான் முடிவெடுத்தார்கள்.

பெயர் பதியும் கொப்பி வாசலில் மேசையின் மேல் இருக்கிறது. பட்டியலில் சேர வேண்டியவர்களின் பெயருக்கு ஒரு பக்கம், பொறுப்பெடுப்பவர்களின் பெயருக்கு மறுபக்கம். தேநீருக்குப் போகமுதல் எந்தப் பக்கத்திலாவது எழுதிவிட்டுப் போங்கள்.